காதில் இரண்டு கராம்பு

கராம்புக்கு ஒரு பேய் உண்டென்று எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா? புளியமரத்துக்கு உண்டு, முருங்கைக்கு உண்டு, ஆலமரத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் புரியாணியில் போடுகிற கராம்புக்கு, பல்வலிக்குக் கடிக்கிற கராம்புக்குப் பேய்! பலாபத்வலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் அப்படி ஒன்று இருந்தது. அதுவும் இந்த மண்ணில் செத்து ஆவியாய் அலைந்த பேய் இல்லை. துரைசானியின் இரும்புப் பெட்டிக்குள் பூச்சி உருண்டைகளோடு படுத்துக் கப்பலில் வந்த பேய்.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கொடி இறங்கிவிட்டது, துரை மட்டும் இறங்கவில்லை. லீவில் சீமைக்குப் போனவர் ஒரு துரைசானியைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அவள் இங்கிலீஷ்காரி இல்லை. மலையும் பனியும் உள்ள வேறேதோ தேசத்துக்காரி. வந்த வருஷமே ஒரு வழக்கம் வைத்தாள். நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பங்களாப் புல்வெளியில் வரிசையாக உட்கார வேண்டும். துரை சிவப்பு அங்கி போட்டுப் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளுக்கு மிட்டாயும் சட்டையும் கொடுப்பார். அவர் பின்னாலேயே சங்கிலி இழுபட அந்தச் சனியன் வரும். தலையில் வளைந்த கொம்பு, உடம்பெல்லாம் கறுத்த ஆட்டுத்தோல், மரத்தில் செதுக்கிய முகம், நெஞ்சுவரை தொங்கும் சிவப்பு நாக்கு, இடுப்பில் மாட்டு மணி, முதுகில் ஒரு கூடை. கெட்ட பிள்ளைகளை அடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுமாம்.

அதன் பேரைத் துரைசானி சொன்னபோது பக்கத்தில் கைகட்டி நின்றவர் பெரிய கங்காணி. மனுஷனுக்கு இங்கிலீஷே அரைகுறை; துரைசானியின் வாயில் வந்தது அதுவும் இல்லை. காதில் விழுந்தது ‘கராம்பு’ என்பது மட்டும். கராம்புத் தோட்டத்துக் கங்காணிக்கு வேறென்ன விழும்? ‘ஓ, கராம்புப் பேயா!’ என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்க முந்தியே, அதை உபயோகத்துக்கு எடுத்துவிட்டார்.

“கேட்டுக்கங்க. கீழ விழுந்த கராம்ப எந்தப் புள்ளையாச்சும் பொறுக்கிச்சுன்னா கராம்புப் பேய் தூக்கிட்டுப் போயிரும். நான் சொல்லல, தொரசானி சொல்றாங்க.”

அன்றிலிருந்து கராம்பு மரத்தடிக்குக் காவல் தேவைப்படவில்லை.

இராஜகுமாரி என்று தன் மகளுக்குப் பேர் வைத்த அந்த அப்பனைத்தான் கேட்க வேண்டும், எந்த ராஜ்யத்தை நினைத்து வைத்தான் என்று. அவளுடைய ராஜ்யம் ஒரு சாக்கு. புருஷன் அழகர்சாமி மரத்தில் ஏறிக் கொக்கியால் கிளையை வளைத்துக் கொத்துக் கொத்தாய் ஒடித்துப் போடுவான். அவள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, கொத்தை உள்ளங்கையில் வைத்துத் திருகி, மொட்டு வேறு காம்பு வேறாகப் பிரிப்பாள். பச்சைக் கராம்பின் எண்ணெய் கையில் ஏறி ஏறி, மத்தியானத்துக்குள் விரல் நுனி மரத்துப்போகும். சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது. வாசமோ, சவுக்காரம் போட்டாலும் போகாது.

இருவருக்கும் ஒரே பிள்ளை, பவளம். போன வருஷம் ஆறு வயதில் காது குத்தினார்கள். குத்தியாயிற்று, தோட்டுக்கு எங்கே போவது? ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க இராஜகுமாரி தன் சாக்கிலிருந்தே இரண்டு மொட்டை எடுத்துச் செருகிவிட்டாள். கராம்பு மொட்டைப் பார்த்திருப்பீர்களே! நாலு பல் வைத்த கிண்ணத்தில் ஒரு மணி. தட்டான் செய்த தோடு அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். பவளம் தலையை ஆட்டி ஆட்டி லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். கங்காணியும் பார்த்தார்.

அந்த நத்தாரில்தான் அது நடந்தது. தாய் தகப்பன்மார் புல்வெளிக்குள் வரக்கூடாது, பூவேலிக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது சட்டம். கங்காணி பேயின் காதில் ஏதோ சொன்னார். பேய் நேரே பவளத்திடம் போய்க் கையைப் பிடித்து இழுத்தது. துரைசானியின் நாட்டில் அதன் கையில் மெல்லிய குச்சிகளான மிலாறுக் கட்டு இருக்குமாம். இங்கே மிலாறு கட்ட யாருக்கு நேரம்? பங்களா வாசல் கூட்டுகிற ஈர்க்கு விளக்குமாறு சும்மாதானே கிடக்கிறது என்று அதைக் கொடுத்துவிட்டார்கள். “கராம்புக் கள்ளி!” என்று கங்காணி கத்த, அந்தக் குழந்தைக்கு விளக்குமாற்றால் மூன்று அடி விழுந்தது, அறுபது பிள்ளைகள் பார்க்க.

கையால் அடித்தால் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகலாம். பிரம்பால் அடித்தால் வாத்தியார் என்று விட்டுவிடலாம். விளக்குமாற்றால் அடித்தால் என்ன அர்த்தம் என்று நம் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? உன்னையும் உன் வம்சத்தையும் குப்பையாய்க் கூட்டித் தள்ளுகிறேன் என்று அர்த்தம். இராஜகுமாரி வேலியைப் பிய்த்துக்கொண்டு பாயப் பார்த்தாள். அழகர்சாமி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “அடங்கு புள்ள, பேர வெட்டிப்புடுவாங்க, வேல போயிரும்” என்று அவள் காதுக்குள் கெஞ்சினான். நாற்பது அடி மரத்தில் கயிறில்லாமல் ஏறுகிறவன், அன்று தரையில் நின்று நடுங்கினான். அவளும் அடங்கித்தான் போனாள். அந்த வெட்கம் ஒரு வருஷமாய் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

பவளம் அன்றே காதிலிருந்த கராம்பை இரத்தம் வரப் பிடுங்கி எறிந்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று பொழுதுபட இராஜகுமாரி பக்கத்தில் போனபோது பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு, “கிட்ட வராதம்மா, நீ கராம்பு மணக்குற, மணத்த மோந்துக்கிட்டு அது வந்துரும்” என்றது. சீசன் முடிந்து வாசம் போகும் மட்டும் பெற்ற தாயிடம் அந்தப் பிள்ளை வரவில்லை. இந்த வருஷம் மொட்டுச் சிவந்து சாக்கு விரித்த முதல் நாளே மறுபடி ஆரம்பித்துவிட்டது. இராஜகுமாரி தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள், மண்ணெண்ணெய்கூட ஊற்றிப் பார்த்தாள். மண்ணெண்ணெயும் கராம்பும் சேர்ந்து மணத்ததுதான் மிச்சம். பவளம் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீடான ஒற்றையறைக் காம்பராவுக்குப் போய், சரோஜாதேவியின் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டாள். சரோஜாதேவியின் புருஷன் அழகுமுத்து பங்களாவில் பூந்தோட்ட வேலை. அவன் மேல் கராம்பு வாசமே வராது. “அழகுமுத்து மாமா வீட்டுல பயமில்லம்மா” என்றாள் பவளம். தன் பிள்ளை இன்னொருத்தி வீட்டில் பயமில்லாமல் இருக்கிறது என்று கேட்க எந்தத் தாய்க்கு வயிறு எரியாது?

“பேயெல்லாம் பொய்டி, அது ஆளுதான்” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள்.

“நீ பாத்தியா?” என்று பவளம் கேட்டாள்.

மர முகத்துக்குள் இருந்த ஆளை அவள் பார்க்கவில்லையே!

நத்தாருக்குப் பத்து நாள் இருக்கும்போது பலாபத்வலையிலிருந்து தையல்காரி கைறுன்னிஸா பங்களாவுக்கு வந்தாள். வருஷா வருஷம் பிள்ளைகளின் சட்டை தைக்க அவள்தான் கைமெஷினோடு வருவாள். முஸ்லிம் வீடுகளில் மூத்த அக்காவைத் ‘தாத்தா’ என்பார்கள். லயத்துப் பெண்களும் அவளை அப்படியே கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்கு இறங்கிப் போகிற வழியில் கராம்பு மரத்தடியில் நின்று இராஜகுமாரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்டைக்கு நான் என்ன தைச்சேன் தெரியுமா புள்ள? ஒங்கட பேய. ஆட்டுத்தோல பூச்சி அரிச்சுப் போட்டுது, ஒட்டுப் போட்டுக் குடுத்தேன்.”

இராஜகுமாரியின் கையிலிருந்த கொத்து சாக்கில் விழுந்தது. “தாத்தா, வெளாடாதீங்க.”

“அல்லாஹ்வே, பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது? தொரசானிட ஊருல பனி காலத்துல புள்ளைகள வெருட்ட வாலிபப் பொடியனுகள் போடுற வேஷமாம். இந்தா, ஒரு கராம்பக் கையில எடுத்துக் காட்டி, இதுக்குத்தான் இந்தப் பேயான்னு பங்களா ஆயாவ வச்சுக் கேட்டேன். தொரசானி சிரிச்ச சிரிப்பு! அதுட பேரு என்னமோ க்ரம்புஸாம். கராம்பும் இல்ல, ஏலமும் இல்ல. ஒங்கட கங்காணி காதுல விழுந்த லட்சணம்.”

“போடுறது யாரு?”

“அதச் சொல்லமாட்டேன், சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. தோளளவு எடுத்தேன். இந்தத் தோட்டத்து ஆள்தான்.” குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பயந்தவனுக்குத்தான் பேய், புள்ள” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

இராஜகுமாரி சிரிக்கவில்லை. ஒரு காது சரியாகக் கேட்காத குற்றத்துக்கு அவள் பிள்ளை இரண்டு சீசனாய்த் தாயைத் தொடாமல் இருக்கிறது! அன்று பின்னேரம் அழகர்சாமியிடம் சொன்னாள். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரத்துல ஏறித்தான் ஆகணும். தோட்டத்துல இருந்துக்கிட்டு தொரையோட மல்லுக்கு நிக்க முடியுமா?” என்றான்.

“நான் வாக்கப்பட்டது ஒங்களுக்கு. மரம் ஏறுறதும் நீங்க. நான் எதுக்கு ஏறணும்?” என்றாள்.

மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் அவள் விஷயத்தை உடைத்தாள். எல்லார் வீட்டிலும் கராம்பு வாசத்துக்குக் கத்துகிற பிள்ளை ஒன்றாவது இருந்தது. சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள், சரோஜாதேவி மட்டும் குடம் நிறைந்து வழிவது தெரியாமல் நின்றாள்.

“ஆளுன்னு சொன்னா கங்காணி ஒத்துக்கவா போறாரு? பேய்னு சாதிப்பாரு” என்றாள் ஒருத்தி.

“சாதிக்கட்டும். அதத்தான் நான் கேக்கிறேன்” என்றாள் இராஜகுமாரி. “நம்ம ஊருல பேய எதால ஓட்டுவாங்க?”

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு குடத்துக்குக் குடம் தாவியது.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். பவளம் கடைசி வரிசையில், காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. பூவேலிக்கு அப்பால் பெண்கள் நின்றார்கள், எல்லாரும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அவ்வளவு குளிர் இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. துரை தாடியோடு வந்து மிட்டாய் கொடுத்தார். துரைசானி கைதட்டினாள். அடுத்து மணிச் சத்தம், சங்கிலி, பிள்ளைகளின் ஓலம். பேய் இரண்டு எட்டு வைத்திருக்காது. இராஜகுமாரி வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

“ஏய்! எங்க வர்ற?” என்று கங்காணி ஓடி வந்தார்.

“பேய் ஓட்ட வர்றேன்” என்று சேலைக்குள் இருந்த விளக்குமாற்றை வெளியே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வேலி சரசரவென்று விலகியது. இருபத்தேழு பெண்கள், இருபத்தேழு விளக்குமாறு. சிலதில் அன்று காலை கூட்டிய மாட்டுச் சாணம் இன்னும் காயவில்லை. துரைசானி இதுவும் விளையாட்டில் ஒரு பங்கு என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

“கங்காணி ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். தொரைக்கும் சொல்லுங்க. இது பேயா, மனுசனா?” இராஜகுமாரி விளக்குமாற்றைப் பேயின் பக்கம் நீட்டினாள். “மனுசன்னா, எம்புள்ளைய வெளக்குமாத்தால அடிக்க இவனுக்கு உரிமை குடுத்தது யாரு? அவ காதுல கராம்பு வச்சது நான். கள்ளின்னா நான்தான் கள்ளி. என்னைய அடிச்சிருக்கணும்! பேய்னா சொல்லிருங்க. பேய நாங்க பாத்துக்கிறோம்.”

துரை தாடியை இறக்கிவிட்டுக் கங்காணியைப் பார்த்தார். கங்காணிக்கு வியர்த்தது. ஆளென்று சொன்னால் இத்தனை வருஷத்துப் பொய் உடையும். பேயென்று சொன்னால் இருபத்தேழு விளக்குமாறு. ஆனாலும் கங்காணி கங்காணிதானே! விறைத்துக்கொண்டு நின்றார்.

“பேய்தான்! என்ன பண்ணுவ?”

“அப்ப சரி” என்றாள் இராஜகுமாரி.

முதல் அடி கொம்பில் விழுந்தது. இரண்டாவது, ஒரு வருஷத்துச் சாம்பலும் தேசிக்காயும் மண்ணெண்ணெயும் சேர்ந்த அடி, முதுகுக் கூடையைப் பிய்த்தது. மூன்றாவதற்குப் பேய் புல்லில் முழந்தாளிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அலறியது.

“தங்கச்சி, அடிக்காத தங்கச்சி! நான்தான்! நான்தான்!”

பேய் தங்கச்சி என்று கூப்பிட்டதும் பிள்ளைகளின் ஓலம் சட்டென்று நின்றது. மர முகம் கழன்று புல்லில் உருண்டது. உள்ளே வியர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தது அழகுமுத்துவின் முகம். சரோஜாதேவி தன் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இராஜகுமாரிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. யார் யாரையோ நினைத்திருந்தாள். அடுத்த காம்பராவை நினைக்கவில்லை.

“தொரசானி அடிக்கச் சொன்னாங்க, கங்காணி பேரச் சொன்னாரு, நான் என்னா செய்வேன்” என்று அவன் புல்லைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

கடைசி வரிசையிலிருந்து பவளம் எழுந்து வந்தாள். ஒவ்வொரு எட்டாக, நின்று நின்று வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆட்டுத்தோலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து மோந்து பார்த்தாள். பூச்சி உருண்டையும் பீடியும் வியர்வையும் மணத்தது.

“அம்மா, இதுல கராம்பு வாசமே இல்ல” என்றாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “மாமா, என்னைய அடிச்சது நீங்களா? நான் ஒங்க வீட்டுலதானே வந்து படுத்துக்கிட்டேன்.”

அழகுமுத்து வாய்விட்டு அழுதான். அழுகைக்கெல்லாம் மனசு இளகும் நிலையில் இராஜகுமாரி இல்லை. “அழுறத வீட்டுல போயி அழுங்க அண்ணே. நாம பொறவு பேசிக்குவோம்” என்று சொல்லிவிட்டுத் துரைசானியின் பக்கம் திரும்பினாள். ஆயா அதற்குள் விளக்குமாறு என்றால் என்ன என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கையைக் காலை ஆட்டி விளக்கியிருந்தாள் போலும். துரைசானியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இராஜகுமாரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே போனாள்.

நத்தாருக்கு மறுநாள் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டார். எல்லாப் பேரையும் கூப்பிட்டார், இராஜகுமாரியின் பேரைத் தவிர. “ஒனக்கு இன்னிக்கு வேல இல்ல. நாளைக்கும் இல்ல.”

இராஜகுமாரி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முதலில் உட்கார்ந்தது சரோஜாதேவி. சாக்கை விரித்து அதன் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவள், அடுத்து எல்லாரும். கங்காணி மரம் ஏறுகிற ஆண்களைப் பார்த்தார். அவர்கள் வேறெங்கேயோ பார்த்தார்கள். அழகர்சாமி முன்னால் வந்தான். அவன் கையில் கொக்கி இருந்தது. அதைக் கங்காணியின் காலடியில் வைத்தான்.

“மொட்டு ரெண்டு நாள்ல விரிஞ்சிரும் ஐயா. விரிஞ்சா அது கராம்பு இல்ல, வெறும் பூ. நீங்களே ஏறிப் பறிங்க” என்றான். இந்தத் தரம் அவன் கால் நடுங்கவில்லை என்பதை இராஜகுமாரி பார்த்தாள்.

வெயில் ஏறியது. மரத்தில் மொட்டு இன்னும் கொஞ்சம் சிவந்தது. கங்காணி பங்களாப் பக்கம் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். ‘அடியாத மாடு படியாது’ என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன் அன்றைக்குத் தானே படிந்தார்.

“இராஜகுமாரி” என்று கூப்பிட்டார், வாய்க்குள்ளேயே.

“கேக்கல” என்றாள் அவள்.

“இராஜகுமாரி!”

“இருக்கேன்.”

அன்று பொழுதுபட வேலை விட்டு வந்தபோது பவளம் தங்கள் காம்பரா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பாய் திரும்பி வந்து மூலையில் நின்றது. இராஜகுமாரி பழக்கத்தில் எட்டவே நின்று, சாம்பல் எடுத்துக் கை தேய்க்கக் குனிந்தாள். பவளம் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். மரத்துப்போன விரலுக்குப் பிள்ளையின் பிடி சரியாகத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் நம்பினாள். பவளம் உள்ளங்கையை விரித்து மூக்கை வைத்து மோந்தாள்.

“இது நீதான்” என்றாள். பிறகு அந்தக் கையைத் தன் காதுக்குக் கொண்டுபோய், “ஓட்ட தூர்ந்துருச்சாம்மா?” என்று கேட்டாள்.

இராஜகுமாரி தடவிப் பார்த்தாள். விரலுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தூரவில்லை, கடுகளவு இருந்தது. மடியை அவிழ்த்து இரண்டு சிவந்த மொட்டை எடுத்துச் செருகிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கங்காணி லயத்து வழியாகப் போனார். நின்றார். பிள்ளையின் காதைப் பார்த்தார்.

பவளம் அம்மாவின் கையை விடாமல் அவரையே பார்த்துக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“காஞ்சா கீழ விழுந்துரும்மா. நாளைக்கும் ரெண்டு கொண்டா.”

“ரெண்டு என்னா, நாலாக் கொண்டாறேன்” என்றாள் இராஜகுமாரி.